உடைப்பு என்றே சொல்லச் சொன்னார்

குழாய் உடைப்பு காரணமாக இரண்டு நாட்களுக்குக் குடிநீர் வராது என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொல்வதில்லை. கட்டாயம் சொல்ல வேண்டி வந்தால், "ரோட்டுல தண்ணி வீணாப் போகுது" என்பேன். "அத்தை, அதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு" என்று மருமகள் சிரிப்பாள். இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

என்னைப் போல எழுபதைத் தொட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்மாய்க் கரை மேல் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்கள் ஊரிலும் மழைக்காலத்தில் சொல்லக் கூடாத சொற்கள் இருந்திருக்கும். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். ஆறுதல் மட்டும் சொல்லாதீர்கள். வயதாகிவிட்டால் ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல வந்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் பருத்தியும் கம்பும் விளையும் கரிசல். ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய், அந்தத் தண்ணீரை நம்பிக் கொஞ்சம் நெல் வயல். கண்மாய் நிறைந்த வருஷம் ஊரே நெல்லுச்சோறு சாப்பிடும். நிறையாத வருஷம் கம்பங்கூழ்தான். அதனால் கண்மாயில் தண்ணீர் ஏறிய நாள் தொடங்கி அறுப்பு முடிகிற வரைக்கும் ஊரில் ஒருவரும் 'உடைப்பு' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. கரை உடைந்து தண்ணீர் வெளியேறுவதுதான் உடைப்பு. அகராதியில் பார்த்தால் அதற்கு ஒரு வரிப் பொருள் இருக்கும். எங்களுக்கு அது ஊர் அழிவதற்குப் பெயர்.

சொல்லக் கூடாது என்றால் பேசாமல் இருக்க முடியுமா? அதற்கு மாற்றாக வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால், "கரை வேர்க்குது" என்பார்கள். நண்டு வளை வழியாகத் தண்ணீர் ஒழுகினால், "கரைக்கு மூக்கு ஒழுகுது" என்பார்கள். பக்கத்து ஊர்க் கண்மாய் போன கதையைச் சொல்லும்போதுகூட, "அங்க தண்ணி வழி தேடிக்கிருச்சு" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர்தான் நீர்பாய்ச்சி.

மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைப்பதும், மழைக்காலத்தில் கரையைக் காப்பதும் அவர் வேலை. கரை உண்மையிலேயே போகும்போது மடைமேல் நின்று அவர் மூன்று தடவை அந்தச் சொல்லைக் கூவுவார். காதில் விழுந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு மண்வெட்டியும் வைக்கோலுமாக ஓட வேண்டும். கல்யாண வீடானாலும் ஓட வேண்டும். கரை போகாதபோது அவர் கூவிவிட்டாலோ, அவரே கரையை வெட்டியதாக வைத்துக்கொள்வார்கள்.

அவர் கீழத்தெருக்காரர். எங்கள் வீடு மேலத்தெருவில். என் அப்பாவைவிட அவருக்கு வயது அதிகம். பத்து வயதில் நான் அவரை, "ஏ நீர்பாய்ச்சி, இங்க வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னை, "என்னங்க தாயி" என்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. அன்று யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அதனால் தப்பு இல்லாமல் போய்விடுமா?

மழை நேரத்தில் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் மாட்டியிருப்பார். அதைக் கொங்காணி என்போம். சாக்கு நனைந்து, அவர் வந்தாலே ஈர நெல்லும் சேறும் கலந்த வாசம் வரும். தேய்ந்து பாதியாகிப்போன ஒரு மண்வெட்டி வைத்திருந்தார். அதன் காம்பில் கை பிடிக்கும் இடம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து ஓடியது. நாங்கள் நாலைந்து பிள்ளைகள் எங்கள் வாசலில் மழைத் தண்ணீருக்கு மண்ணால் ஒரு குட்டிக் கரை கட்டினோம். தண்ணீர் கூடியதும் நான் காலால் கரையைத் தட்டிவிட்டு, "உடைப்பு, உடைப்பு" என்று குதித்தேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அப்பா வந்து புறங்கையால் என் வாயில் அடித்தார். உதடு கிழிந்தது. உப்பும் இரும்புமாக ரத்தம் நாக்கில் பட்டது. அன்று சாயங்காலமே அம்மா என் வாயில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்க வைத்து, மடைக் கருப்பசாமிக்கு விளக்குப் போடக் கூட்டிப்போனாள். அங்கே காவல் நின்ற நீர்பாய்ச்சி என் உதட்டைப் பார்த்தார். "சின்னப்பிள்ளைங்க தாயி, தெரியாமச் சொல்லிருச்சு. கருப்பன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பாமலே விளக்கை ஏற்றினாள்.

இது நடந்து பத்து நாளில் அக்காவைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பருத்திக் கடை இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்ததால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியில் கேசரி கிண்டும் நெய் வாசம். "வாயைத் தெறந்த, தோலை உரிச்சுருவேன்" என்று அம்மா எனக்குக் காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

சாயங்காலம் தூறலோடு நீர்பாய்ச்சி கொல்லைப்பக்கம் தொழுவத்துக்கு வந்தார். அவர் முன்வாசலுக்கு வருவதில்லை. நான் கேசரித் தட்டோடு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"தாயி, அய்யாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறார்.

நான் உள்ளே போனேன். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்வதற்குள், "வந்தவுக போகட்டும். அதுவரைக்கும் நிக்கச் சொல்லு" என்றாள். போய்ச் சொன்னேன். அவர் கண்மாய் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"நிக்க முடியாதுங்க தாயி. கரையில வேற ஆளு இல்ல. நான் போகணும். வந்தவுக கெளம்புனதும் அய்யாகிட்டச் சொல்லிருங்க. நடு மடைக்குத் தெக்க தண்ணி கலங்கி வருது. இருபது ஆளும் வைக்கோலும் சாக்கும் வேணும். பொழுது அடையுறதுக்குள்ள வேணும்."

"சரி."

"வேர்க்குதுன்னு சொல்லிராதீங்க. வேர்க்குதுன்னா காலைல பாப்போம்பாக. உடைப்புன்னே சொல்லுங்க. உடைப்பு வரப்போகுதுன்னு சொல்லுங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க, உங்கள ஏச மாட்டாக."

கசியும் தண்ணீர் தெளிவாக வந்தால் கரை வேர்க்கிறது, பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண் கரைந்து வருகிறது. இது எங்கள் ஊரில் எனக்குக்கூடத் தெரியும். தலையை ஆட்டினேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராகப் பார்த்து, "என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். என் கை உதட்டுக்குப் போனது. அவர் அதைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவருக்கு நேரமில்லை. கொங்காணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வந்தவர்கள் கிளம்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பெண் பிடித்திருக்கிறது, தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா சத்தமாகச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அக்கா தலையில் பூவோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா என்னைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, "சின்னவளுக்கு எப்படா மாப்பிள்ளை பாக்குறது" என்று பெரியப்பாவிடம் கேலி பேசினார். வாயில் அடித்த பிறகு அன்றுதான் அவர் என்னைத் தொட்டார்.

அந்த மடியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொல் நாக்கு வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"அப்பா, நீர்பாய்ச்சி வந்தான். கரை வேர்க்குதாம்."

"ஐப்பசியில கரை வேர்க்காம வேற என்ன செய்யும்? காலைல பாத்துக்கிருவோம்" என்றார் அப்பா. பெரியப்பாவும் ஆமாம் என்றார். அப்பாடா, சொல்லியாகிவிட்டது, அடியும் விழவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். மிச்சக் கேசரியைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

விடிகிற நேரத்தில் அந்தக் குரல் கேட்டது. மூன்று தடவை. அது நீர்பாய்ச்சியின் குரல் மாதிரியே இல்லை. ஆண்கள் கதவுப் பலகைகளையும் கயிற்றுக் கட்டில்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படப்பிலிருந்து வைக்கோலை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வண்டி போகும் அகலத்துக்குக் கரை போயிருந்தது. அதற்குள் எதைப் போட்டாலும் அடித்துக்கொண்டு போனது. முதலில் தண்ணீர் புகுந்தது கீழத்தெருவில். உயிர்ச்சேதம் இல்லை, ஆட்கள் கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மண்சுவர்கள் கரைந்தன. நீர்பாய்ச்சியின் வீடும் விழுந்தது. கட்டிப்போட்டிருந்த அவருடைய ஆடுகள் கட்டியபடியே செத்தன. கதிர் வரும் முன் பொதி கட்டியிருந்த நெற்பயிர் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறிவிட்டது.

மத்தியானத்துக்குள் கண்மாய் காலி. சேற்றில் மீன்கள் துள்ளின. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மீன் பிடித்தோம். எனக்கு ஒரு பெரிய விரால் கிடைத்தது. அன்று எங்கள் வீட்டில் மீன் குழம்பு. நல்ல ருசி. அதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் ஊர் கூடியது. நீர்பாய்ச்சி தூங்கிவிட்டான், காவல் சரியில்லை என்று பேச்சு. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்.

"முந்துன நாள் சாயங்காலமே வந்து சொன்னேங்கய்யா. அய்யா வீட்டுல விருந்தாளுக இருந்தாக. பிள்ளைகிட்டச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லியே சொல்லச் சொன்னேன்" என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைக் கூட்டிவரச் சொன்னார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

"பயப்படாமச் சொல்லு. அன்னைக்கு வந்து இவன் என்ன சொன்னான்?"

"கரை வேர்க்குதுன்னு சொன்னான்."

"அந்த வார்த்தையைச் சொன்னானா?" கரையே போன பிறகும் அப்பா அதைச் சொல்லவில்லை.

"இல்ல."

மனதில் ஒன்றும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. சொன்னான் என்றால், நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்பா அடுத்தபடியாகக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவ்வளவுதான். ஒரு அடிக்குப் பயந்து சொன்ன பொய்.

நீர்பாய்ச்சி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் அதை மறந்திருப்பேன். கொல்லைப் படியில் குனிந்து பார்த்த மாதிரியே பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை சொன்னாச் சரிதாங்கய்யா" என்றார்.

அத்தோடு அவருடைய நீர்பாய்ச்சி வேலை போயிற்று. அந்த வேலைக்காக ஊர் விட்டிருந்த துண்டு நிலத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் அப்பனும் பாட்டனும் பார்த்த வேலை அது. கார்த்திகை முடிவதற்குள் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டார். செல்லூரில் தறிக் கொட்டடியில் பாவு நூல் சுமக்கிறாராம் என்று யாரோ சொன்னார்கள். கரையில் நின்ற மனிதரைக் கொண்டுபோய்ச் சந்துக்குள் அடைத்தேன். அந்தப் பாதி மண்வெட்டி ரொம்ப நாள் மடைக் கருப்பசாமி பீடத்தில் சாத்திக் கிடந்தது. அப்புறம் காணோம்.

அடுத்த வாரம் அப்பா திருமங்கலம் போனவர் எனக்கு மட்டும் ஒரு சீட்டிப் பாவாடைத் துணி வாங்கி வந்தார். கல்யாணப் பெண்ணான அக்காவுக்குக்கூட இல்லை. பிரியத்தில் வாங்கியது என்று துள்ளினேன். அது எதற்கு வாங்கியது என்று புரிவதற்கு எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

பிற்பாடு நான் மதுரையில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தேன். சாவுத் தந்தி என்றாலும் ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்புவேன். 'சீரியஸ்' என்று போட்டுக்கொள்ளலாமே என்று கூட வேலை பார்ப்பவர்கள் இரக்கப்படுவார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடி அனுப்ப வேண்டும் என்று அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கறாரான பொம்பளை என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த வருஷம், ஒருநாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "நீர்பாய்ச்சி அன்னைக்கு உங்கிட்டச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

சீப்பு கையிலேயே நின்றது. "பெறகு ஏம்மா பேசாம இருந்த?"

"வந்தவுக இருக்கும்போது அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது? அவுக போனப்பறம் நீ சொல்லிருவன்னு இருந்தேன். கரை போனப்பறம் சொல்லி என்ன ஆகப்போகுது? பொண்ணு பாத்த வேளை, கண்மாயே போச்சுன்னு பேசியிருப்பாக. உங்கக்கா வீட்டோட நின்னுருப்பா. ஒருத்தன் மேல தப்புன்னு ஆயிட்டா, வேளை மேல பேச்சு வராதுல்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ராத்திரியே சொல்லிட்டேன். கூட்டத்துக்கு முந்துன ராத்திரி."

அதாவது, என்னை மந்தைக்குக் கூப்பிட்டபோது அப்பாவுக்கு எல்லாம் தெரியும். நான் என்ன சொல்வேன் என்றும் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. பழியில் பங்குக்கு ஆள் கிடைத்த நிம்மதி. அன்று சொன்ன பொய்யைவிட அந்த நிம்மதியை நினைத்துத்தான் எனக்கு இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை பயத்தில் பொய் சொல்லும். ஐம்பது வயதுக்காரி எதற்காக நிம்மதிப்பட வேண்டும்?

போன சித்திரையில் செல்லூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஊரிலிருந்து வந்த ஒருவர், நீர்பாய்ச்சியின் மகள் அங்கே இருப்பதாக அடையாளம் சொல்லியிருந்தார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். வீட்டு வாசலில் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு அம்மாள் நூல் கண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்தார். உங்கள் ஊர்ப் பக்கம்தான் என்றேன். உடனே முகம் மலர்ந்து, உள்ளே கூட்டிப்போய் ஃபேனைப் போட்டு, பேத்தியை டீ வாங்க அனுப்பினார். என்னை, "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார். அவர் அப்பா பேசியது போலவே இருந்தது.

சுவரில் அவர் அப்பாவின் படம், மாலையோடு. அதன் கீழே பெயர் எழுதியிருந்தது. அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைப் படித்தேன். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதும் தகுதி எனக்கு இல்லை.

"ஊரைப் பத்திப் பேசுவாரா?" என்று கேட்டேன்.

"கண்மாயைப் பத்தித்தான் பேசுவாரு. மழை பேஞ்சாப் போதும், தூங்க மாட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவரு மேல ஒரு பழி வந்துச்சு."

சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் பேசிவிட்டார்.

"எங்கம்மா அந்தப் பிள்ளையை ரொம்பத் திட்டும். நானும் திட்டுவேன். எங்கப்பா விடவே மாட்டாரு. 'தப்பு என் பேர்லதான். வாயி கிழிஞ்ச பிள்ளை அது. அதுகிட்டப் போயி அம்புட்டுப் பெரிய வார்த்தையைக் குடுத்துட்டு வந்தேன் பாரு. அது எப்படித் தூக்கும்'பாரு. சாகுற அன்னைக்குக்கூட அந்தப் பிள்ளை நல்லாருக்கான்னு கேட்டாரு."

டீ வந்தது. டம்ளரைக் கையில் வாங்கினேன். தறிச் சத்தத்தில் நான் அழுதது கேட்டிருக்காது.

"அதுக்கும் இப்ப வயசாயிருக்கும். எங்க இருக்கோ என்னமோ. பாத்தா ஒரு வார்த்தை சொல்லணும், எங்கப்பா மனசுல ஒண்ணும் இல்லன்னு" என்றார் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார். "உங்களுக்கு அதைத் தெரியுமாம்மா?"

"தெரியாது" என்றேன்.